வலிப்பு நோயும் வாழ்வும்

நோய்களுள் சில உடலை மட்டும் வருத்துவன. சில, உற்றவரை ஊராரினின்றும் பிரித்துவிடுவன. காக்கை வலிப்பென்று நம் நாட்டார் வழங்கும் நோய் பின்னதைச் சார்ந்தது.

சென்ற ஆண்டு எம் விடுதி மாணவர் ஒருவர் கிரிக்கெட் ஆடுங்கால் திடீரென வீழ்ந்து கைகால் உதறினார். யாங்கள் அவரை அழுத்திப் பிடித்தோம். அறைச் சாவியை அவர் கையில் திணித்தவன் யானே. இரண்டு நிமிடங்களில் வலிப்பு நின்றது. சாவியால் நின்றதென நம்பினேன். மறுவாரம் ஆட்டக் குழுவினின்று அவர் பெயரை நீக்கினோம். "விழுந்தது ஒரு நாள், ஆடாதிருப்பது எத்தனை நாள்?" என்று அவர் வினவினார். விடை கூற இயலாமையே இந்நோயைப் பற்றி யான் கற்கக் காரணமாயிற்று.

மூளையின் நரம்பணுக்கள் மின் குறிப்புக்களால் தம்முள் செய்தி பரிமாறுகின்றன. அவை ஒரோவழி அளவிறந்து ஒருங்கே எழுங்கால் வலிப்பு உண்டாகின்றது. இது தொற்று நோயன்று, பேயின் செயலுமன்று. இரும்பு இதனை நிறுத்தாது. பெரும்பாலான வலிப்புக்கள் சில நிமிடங்களில் தாமே அடங்கும். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட பின்னர் இவ்வுண்மை மேலும் தெளிவுற்றது.

உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயுடையர். தக்க மருத்துவம் பெறின், நூற்றுவரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மருந்தைத் தவறாது உண்ணலும், போதிய உறக்கமும், மது விலக்கலும் இன்றியமையாதன. தனித்து நீந்துதலும் உயர்ந்த இடங்களில் ஏறுதலும் ஆகா. மற்றபடி கல்வி, தொழில், ஆட்டம், இல்லறம் யாவும் பெரும்பாலோர்க்கு இயலுவனவே. இந்துத் திருமணச் சட்டம் இந்நோயைத் தடையாகக் கொண்டிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அத்தடையும் நீங்கிற்று.

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் தமக்கு இந்நோயுண்டென மறையாது கூறியவர். 1992-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில், பிரிஸ்பேன் நகரில், பந்தோடு ஓடிப் பாய்ந்து விக்கெட்டைச் சாய்த்து இன்ஸமாம்-உல்-ஹக்கை ஆட்டமிழக்கச் செய்தவர் அவரே.

ஆதலின், நண்பர்களே, ஒருவர் வலிப்புற்று வீழின் செய்யத்தக்கன இவை: அருகுள்ள கூரிய பொருள்களை அகற்றுக. தலையின்கீழ் மெல்லிய துணி வைக்க. கழுத்துப் பொத்தானைத் தளர்த்துக. உதறல் அடங்கியதும் ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்துக. நேரத்தைக் குறித்துக்கொள்க. அழுத்திப் பிடித்தலும், வாயில் எதனையும் இடுதலும், நீர் புகட்டலும் தீங்காம். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடிப்பினும், நினைவு மீளுமுன் மீண்டும் வரினும், முதன்முறை வந்ததாயினும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. தெளிவுறும் வரை உடனிருக்க.

இவ்வாண்டு எம் நண்பர் மருத்துவர் இசைவோடு மீண்டும் ஆடுகின்றார். அவர் வீழ்ந்தால் செய்யவேண்டுவது யாதென ஏனைப் பதின்மரும் அறிவோம்.