சக்கரம் பூட்டிய வீடு: கோளாறு காணும் முறை

வேனுக்குள் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டு ஊர் ஊராகச் சென்று தங்கும் வழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகிறது. போர்ட்டிக்சன் கடற்கரையிலும் கேமரன் மலையிலும் விடுமுறை நாள்களில் இத்தகைய வண்டிகளைக் காணலாம். மோட்டார்ஹோம் என்றும் கேம்பர்வேன் என்றும் அழைக்கப்படும் இவற்றை இக்கட்டுரையில் வீட்டு வேன் என்றே குறிப்பிடுவோம்.

வீட்டில் விளக்கு எரியாவிட்டால் மின்பணியாளரை அழைப்போம். வண்டி நின்றுவிட்டால் பட்டறைக்கு இழுத்துச் செல்வோம். வீடும் வண்டியும் ஒன்றாகிவிட்டால், கோளாறு எதிலிருந்து வந்தது என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிடுகிறது. காரணம் தெரியாத நிலையில் நம்மில் பலர் பேட்டரியை மாற்றுகிறோம். மீண்டும் கெட்டால் மீண்டும் மாற்றுகிறோம். இதில் பணம் மட்டுமா போகிறது? உண்மையான கோளாறு உள்ளேயே இருந்து, ஒருநாள் உயிருக்கே உலை வைக்கவும் கூடும்.

நான் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். டெங்கிலில் என் தாய்மாமா வாகன வயரிங் பட்டறை வைத்திருக்கிறார். பல்கலைக்கழக விடுமுறைகளில் அங்குதான் என் வேலை. அங்கே நான் கற்ற பாடத்தை, பழுதுபார்க்க வந்த ஒரு வண்டியைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

1. கருவிக்கு முன் கேள்வி

அந்த வண்டியின் உரிமையாளர் பல ஆண்டுகள் தொழிற்சாலை வேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின், சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியோடு, ஊழியர் சேமநிதிப் பணத்தில் தம் பழைய வேனை வீட்டு வேனாக மாற்றினார். மனைவியோடு நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் எங்கே தங்கினாலும் நள்ளிரவுக்குள் குளிர்பெட்டி நின்றுவிடும். மனைவிக்கு நீரிழிவு நோய். அவருடைய இன்சுலின் மருந்து அந்தக் குளிர்பெட்டியில்தான் இருக்கும். ஓராண்டுக்குள் இரண்டு முறை பேட்டரியை மாற்றிவிட்டார். மூன்றாவது பேட்டரி வாங்கத்தான் எங்களிடம் வந்தார்.

மாமா கருவி எதையும் எடுக்கவில்லை. “எப்ப நிக்குது அண்ணே? விளக்கும் மங்குதா, குளிர்பெட்டி மட்டுந்தானா? எதுக்கு அப்புறம் இது ஆரம்பிச்சது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விளக்கு மங்கவில்லை, குளிர்பெட்டி மட்டுமே நின்றது. இந்த ஒரு பதிலே பாதி வழியைக் காட்டிவிட்டது. பேட்டரி தீர்ந்திருந்தால் விளக்கும் மங்கியிருக்க வேண்டுமல்லவா?

கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில் இன்னும் முக்கியமானது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் தாக்கியபோது, லங்காட் ஆற்றங்கரையில் அமைந்த டெங்கிலும் அதற்குத் தப்பவில்லை. அந்த வேன் சக்கரம் மூழ்கும் அளவு நீரில் நின்றிருக்கிறது. இருக்கைகளைக் கழற்றி உலர்த்தினார்கள். எஞ்சின் எண்ணெயை மாற்றினார்கள். தரைக்கு அடியில் ஓடும் கம்பிகளை யாரும் திறந்து பார்க்கவில்லை. பின்னர் அதே தரையின் மேல்தான் பலகை அடித்துக் கட்டில் போட்டார்கள்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் 948ஆம் குறளில் மருத்துவருக்குச் சொன்ன வரிசை பட்டறைக்கும் பொருந்தும். எது கெட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். ஏன் கெட்டது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். எப்படிச் சரிசெய்வது என்பது அதன் பிறகே. நாமோ பல வேளைகளில் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம்.

2. இரண்டு பேட்டரி, ஒரு பாலம்

வீட்டு வேனில் பொதுவாக இரண்டு பேட்டரிகள் இருக்கும். முன்னால் இருப்பது எஞ்சினை இயக்க உதவுவது. பின்னால் இருப்பது விளக்கு, விசிறி, தண்ணீர்ப் பம்பு, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கானது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் மின்னேற்றம் செய்யும். எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு ரிலேயின் வேலை. அதுவே இவற்றுக்கு இடையிலுள்ள பாலம்.

ஈய-அமிலப் பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால், முழுமையாக மின்னேறியிருந்தால் ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும்; பாதி தீர்ந்திருந்தால் 12.2 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காணலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இக்கணக்கு பொருந்தாது. அது தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

3. வேலை செய்யும்போது அளக்க வேண்டும்

அந்த வேனின் பின் பேட்டரி ஓய்வில் 12.5 வோல்ட் காட்டியது. குளிர்பெட்டியின் முனையிலும் அதே 12.5. இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே முடிவு செய்திருப்போம். மின்னோட்டம் பாயாத கம்பியில் மின்னழுத்தம் இறங்காது. எனவே, கோளாறும் தெரியாது. இதுவே பலரும் கவனிக்கத் தவறும் இடம்.

குளிர்பெட்டியை ஓடவிட்டு மீண்டும் அளந்தோம். அது இழுத்த மின்னோட்டம் 5 ஆம்பியர். பேட்டரியின் முனையில் 12.3 வோல்ட், குளிர்பெட்டியின் முனையில் 11.2 வோல்ட். இடையே 1.1 வோல்ட் எங்கோ காணாமற்போகிறது. பேட்டரியைக் காப்பதற்காக, 11.1 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாகவே நின்றுவிடும்படி அந்தக் குளிர்பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. இரவில் பேட்டரி சற்று இறங்கியதுமே அந்த எல்லை வந்துவிடுகிறது. பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் மிச்சமிருக்க, குளிர்பெட்டி மட்டும் நின்றுவிடுகிறது.

அடுத்து, வழியை இரண்டாகப் பிரித்தோம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றதைக் குளிர்பெட்டியின் நேர்முனையிலும் வைத்தோம்: 0.2 வோல்ட். அவ்வாறே எதிர்முனைகளுக்கிடையே வைத்தோம்: 0.9 வோல்ட். ஆக, கோளாறு மின்சாரம் போகும் வழியில் இல்லை; திரும்பி வரும் வழியில் இருக்கிறது.

கட்டிலுக்குக் கீழே தரைப் பலகையைத் திறந்தோம். வண்டியின் உடம்போடு எர்த் கம்பியை இணைக்கும் போல்ட் செந்துருவேறிக் கிடந்தது. கம்பியின் உறையைச் சிறிது சீவினால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. வெள்ள நீர் கம்பி இழைகளின் இடையே ஏறி, உறைக்குள்ளேயே தங்கி அரித்திருக்கிறது.

4. சிறு கணக்கு, பெரிய ஆபத்து

ஓம் விதி நாம் அனைவரும் படித்ததுதான். 0.9 வோல்ட்டை 5 ஆம்பியரால் வகுத்தால் 0.18 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள நல்ல செம்புக் கம்பி 5 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.034 ஓம் தடையே தரும். துருப்பிடித்த அந்த ஓர் இணைப்பு அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தடுத்துக்கொண்டிருந்தது.

காணாமற்போன மின்னழுத்தம் எங்கே போகிறது? வெப்பமாகிறது. 0.9 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 4.5 வாட். கையை வைத்தால் சற்றுச் சூடாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இன்வெர்ட்டர் வழியாக 200 வாட் சோற்றுப்பானை ஒன்றை அதே பாதையில் இணைத்தால் ஏறக்குறைய 20 ஆம்பியர் பாயும். மின்னோட்டம் நான்கு மடங்கு. வெப்பமோ பதினாறு மடங்கு, அதாவது 72 வாட். ஈயப் பற்றுவைக்கும் சிறிய கோலுக்கு 40 வாட் போதும். கட்டிலுக்கு அடியில், ஒட்டுப்பலகையை ஒட்டியபடி, அதைவிட அதிக வெப்பத்தைக் கக்கும் ஒன்று இருப்பதை எண்ணிப் பாருங்கள். மேலே இருவர் உறங்குவார்கள்.

அரித்த பகுதியை வெட்டியெறிந்தோம். போல்ட்டையும் அது பதியும் தகட்டையும் பளிச்சென்று தேய்த்துப் புதுக் கம்பி போட்டு, ஈரம் புகாதபடி மூடினோம். மீண்டும் அளந்தபோது திரும்பும் வழியில் 0.1 வோல்ட், குளிர்பெட்டியில் 12.0 வோல்ட். சரிசெய்தபின் மறுபடியும் அளப்பது முறையின் ஒரு பகுதி. அளக்காத வரை வேலை முடியவில்லை என்பது மாமாவின் கொள்கை.

5. காலையில் இயங்காத எஞ்சின்

வீட்டு வேன்களில் அடிக்கடி வரும் மற்றொரு குறை, இரவு தங்கிவிட்டுக் காலையில் எஞ்சின் இயங்க மறுப்பது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்பக்க விளக்குகளையும் விசிறியையும் போடுங்கள். முன் பேட்டரியின் மின்னழுத்தமும் சேர்ந்து இறங்கினால், பாலமாகிய ரிலே பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது முன்னால் 14.2, பின்னால் 12.5 என்றிருந்தால், ரிலே இணையவில்லை அல்லது இடையிலுள்ள ஃபியூஸ் போய்விட்டது.

இரண்டும் இல்லையென்றால், எல்லாவற்றையும் அணைத்தபின்னும் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது. அரை ஆம்பியர் கசிந்தாலும் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். 60 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது கசிவு நிற்கிறதோ, அந்த வழியில்தான் குறை. கசிவை அளக்கும்போது மீட்டரை இணைத்தபடியே எஞ்சினை இயக்கக்கூடாது. இயக்கினால் மீட்டர் கருகிவிடும்.

6. மலைக்குப் புறப்படும் முன்

மின்சாரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 80 லிட்டர்த் தொட்டி நிரம்பினால், பெரியவர் ஒருவரை எப்போதும் சுமந்து செல்வதற்குச் சமம். அந்தச் சுமையோடு கெந்திங்கோ கேமரனோ ஏறும்போது எஞ்சின் சூடேறினால், ரேடியேட்டர் நீர், விசிறி, பெல்ட், தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பாருங்கள். எஞ்சின் ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் இறங்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைக் காணலாம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பெரும்பாலான நாள்கள் நின்றுகொண்டே இருக்கும் வீட்டு வேனில், பூத்தேயாத டயரும் முதுமையால் வெடிக்கலாம்.

7. மீறக்கூடாத நான்கு விதிகள்

அ) ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலும் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது கம்பியைக் காப்பதற்காக. கம்பி தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது.

ஆ) ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போனால் காரணத்தைத் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் போடுவதும் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுவதும் தீயை அழைப்பதாகும்.

இ) எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு மூடிய வண்டியில் உறங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஈ) சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். மணம் வந்தால் எந்த விசையையும் தட்டாமல் கதவுகளைத் திறந்து வெளியேறுங்கள்.

பழைய வண்டி வாங்க எண்ணுவோருக்கும் ஒரு சொல். இருக்கை வார்ப்பட்டையை முழுதாக இழுத்துப் பாருங்கள்; கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்; இருக்கை ஓடும் தண்டவாளத்தையும் ஃபியூஸ் பெட்டியையும் பாருங்கள். வெள்ளம் வடிந்த பின்னும் சேறு தன் தடத்தை அங்கே விட்டுச் செல்லும்.

தமிழில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை எனப்படுபவற்றைத் தேசிய இடைநிலைப்பள்ளியில் வோல்தான், அருஸ், ரிந்தாங்கான் என்று படித்தோம். பட்டறையில் எல்லாமே கரண்டுதான். அந்த ஐயாவுக்கு நான் எந்தச் சொல்லையும் பயன்படுத்தவில்லை. போகும் குழாய், திரும்பும் குழாய் என்று சொல்லி மீட்டரைக் காட்டினேன். “இத்தனை நாளா போற குழாயத்தானே பாத்தோம் தம்பி” என்றார். புரியும்படி சொன்னால் ஏமாறாமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தவர்களாவோம். மேடையில் தமிழ் பேசும் நாம், நம் படிப்பையும் இப்படி நம் மக்களிடம் கொண்டுசெல்லலாமே?

அவர் மூன்றாவது பேட்டரி வாங்கவில்லை. ஒரு போல்ட்டுக்கும் சில மீட்டர் கம்பிக்கும் கூலிக்கும் மட்டுமே செலவு செய்தார். சாதாரண மல்டிமீட்டர் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார். அதன் விலை புதுப் பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் வண்டியில் கோளாறு வந்தாலும், பணப்பையைத் திறப்பதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள்.