கிருமியின் பெயரோடு அதன் ஊரையும் படி

குளுவாங்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. நுண்ணுயிரியலில் அட்டவணை அட்டவணையாக மனப்பாடம் செய்தும் மறுநாள் ஒன்றும் நிற்பதில்லை என்று எழுதியிருந்தாய். மருந்து எழுதுவது டாக்டர், கிருமியைக் கண்டுபிடிப்பது லேப், நடுவில் தாதிக்கு எதற்கு இந்த வாய்க்குள் நுழையாத பெயர்கள் என்றும் கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். அம்மாவிடம் கேட்டால் திட்டு விழும் என்றுதான் என்னிடம் வந்தாய் என்பதும் தெரியும்.

அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வை. எந்தக் கிருமியானாலும் அது எங்கே குடியிருக்கிறது, எந்த வழியாக ஆளுக்குள் நுழைகிறது, யாரை வீழ்த்துகிறது, எந்த இடத்தில் உன் கை அதைத் தடுக்கலாம் என்று கேள். பெயர் பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும்.

நம் மண்ணிலேயே இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய். வெளிநாட்டில் எழுதிய பாடப் புத்தகங்களில் ஓரிரு வரியில் முடிந்துவிடும்; இங்கே வார்டில் அது ஆளைக் கொல்லும். 1912இல் ரங்கூனிலிருந்து இதை முதலில் எழுதியவர்கள் ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இருவர். பின்னால் வந்தவர்கள் விட்மோர் நோய் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், கிருஷ்ணசாமி விடுபட்டுப் போனார். அதற்குப் பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஸ்டான்டனும் பிளெட்சரும் இந்த நோயை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1932இல் தனி நூலே வெளியிட்டார்கள்.

இந்த நோயைத் தரும் கிருமி ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும். வெறும் காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டு உயிரோடு கிடந்ததாக ஆய்வே இருக்கிறது. காலில் உள்ள வெட்டு, மூச்சு, குடிக்கும் தண்ணீர் என்று எந்த வழியிலும் நுழையும். மழைக்காலத்தில் கூடும். அதிகம் வீழ்த்துவது இனிப்பு நீர் உள்ளவர்களை. இப்போது நீ வளர்ந்த தோட்டத்தை நினைத்துப் பார். செம்பனைக் காட்டில் சேற்றில் நிற்கும் வேலை, காலில் ஆறாத புண், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகாத சர்க்கரை. எத்தனை மாமாக்கள் அப்படி இருக்கிறார்கள்! அவர்களில் ஒருவர் காய்ச்சலோடும் இருமலோடும் வந்தால் பார்ப்பதற்குச் சாதாரண நிமோனியா போலவோ காசநோய் போலவோ இருக்கும். பென்சிலினுக்கு இது அசையாது. தீபகற்பத்தில் ஜென்டாமைசினுக்கும் பெரும்பாலும் அசையாது. செஃப்டாசிடிம் போன்ற மருந்தை நரம்பு வழியாகக் குறைந்தது 10 நாளாவது ஏற்ற வேண்டும். பிறகு மூன்று மாத அளவுக்கு மாத்திரை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரும். அதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வார்டில் யார் இருப்பார்கள்? நீதான்.

டாக்டர் கேட்க மறந்தாலும் நீ கேட்க வேண்டியவை இங்கிருந்துதான் பிறக்கின்றன. என்ன வேலை, வெள்ளத்தில் நடந்தாரா, சர்க்கரை உண்டா. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் கோத்தா திங்கி, சிகாமட் மூழ்கியது போன்ற வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலுக்கும் இதே கேள்விகள்தான். பதில்களை லேப் பாரத்தில் எழுத வை. நுண்ணோக்கியில் மெலியோய்டோசிஸ் கிருமி இரு முனையும் கருத்து, சேஃப்டி பின் போலத் தெரியும் சிவப்புக் குச்சி. தகவல் இல்லாமல் போனால் ஏதோ கலப்படக் கிருமி என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. அது மட்டுமில்லை, சந்தேகத்தை எழுதினால்தான் லேப்காரர்கள் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கிருமி வளர்த்த தட்டைத் திறப்பார்கள். அவர்களும் மூச்சு விடுகிறவர்கள்தானே.

லேப் சொல்லும் பதில் நீ அனுப்பும் மாதிரியைத்தான் நம்பியிருக்கிறது. பெரியவர்களின் இரத்தத்தில் கிருமி சில நேரம் ஒரு மில்லிக்கு ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் வளர்ப்புக் குப்பி ஒவ்வொன்றுக்கும் 8 முதல் 10 மில்லி கேட்கிறார்கள். மூன்று மில்லி விட்டு அனுப்பிவிட்டு ஒன்றும் வளரவில்லை என்ற முடிவு வந்தால் அது கிருமி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நிலைமை இடம் கொடுத்தால் ஆன்டிபயாட்டிக் ஏறுவதற்கு முன்பே எடு. குளோர்ஹெக்சிடின் தடவி அரை நிமிடமாவது காயவிடு. காய்வதற்குள் கிருமி சாகாது. துடைத்த இடத்தில் நரம்பைத் தேடி மறுபடி விரல் வைக்காதே. வைத்தால் நோயாளியின் கிருமிக்குப் பதில் உன் தோலில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வளரும், அவருக்குத் தேவையில்லாத மருந்தும் ஏறும்.

ஒரு விஷயம் தேர்வில் கேட்கிறார்களோ இல்லையோ, வார்டில் கட்டாயம் வரும். இராத்திரி லேப் மூடியிருந்தால் மாதிரியை ஐஸ்பெட்டியில் வைக்கலாமா? சிறுநீர் என்றால் வைக்க வேண்டும். வெளியே இருந்தால் இரண்டே கிருமி இரண்டாயிரமாகப் பெருகி, இல்லாத தொற்றைக் காட்டும். இரத்த வளர்ப்புக் குப்பியையும் முதுகுத்தண்டு நீரையும் வைக்கவே கூடாது. மூளைக்காய்ச்சல் தரும் சில கிருமிகள் குளிரில் செத்துவிடும். காரணம் தெரிந்தவளுக்கு இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

கிருமி பரவும் வழியைத் தவறாக ஊகித்தால் என்ன ஆகும் என்று நம் நாடே பார்த்திருக்கிறது. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்கள் வேலை செய்யும் ஆண்கள், தடுப்பூசி போட்டவர்களும் உண்டு. பன்றிகளே இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆனது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளை அழித்த பிறகே அடங்கியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத்திலும் 11 பேர் விழுந்தார்கள். அதே வைரஸ் 2018இல் கேரளத்தில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது. பேராம்பிரா மருத்துவமனைத் தாதி லினி புதுசேரி, நோயாளியைப் பராமரித்ததில் தொற்றி இறந்தார். பண்ணையில் பரவும் வழி வேறு, வார்டில் பரவும் வழி வேறு என்பதை அவர் கதையிலிருந்து படி.

கை கழுவுவது பற்றி நீயே அலுக்கும்வரை கேட்டிருப்பாய், நீட்டவில்லை. ஒன்று மட்டும்: வயிற்றுப்போக்கு நோயாளிக்குக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்றால் ஆல்கஹால் ஜெல் உதவாது, அதன் வித்துகள் சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

கடைசியாக, ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டுவிட்டாயா? போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்க்கச் சொல், 10க்குக் குறையக் கூடாது. ஊசி குத்திவிட்டால் வார்டு சிஸ்டர் சத்தம் போடுவார் என்று மறைக்காதே. உடனே கழுவி, அந்த மணியிலேயே சொல்லிவிடு. எச்ஐவி தடுப்பு மருந்து சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தடுப்பூசி அட்டையில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியம்மா