‘நான் கெட்டிக்காரன்’ என்று சொன்னால் போதுமா?

தேர்வுக் காலத்தில் இராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதி அறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? படுக்கைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘என்னால் முடியும்’, ‘இயற்பியலில் நூற்றுக்கு நூறு’. பொதுத் தேர்வில் தரவரிசை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. தாள்கள் என்னவோ சுவரைவிட்டு இறங்கவில்லை.

இவ்வாறு தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதால் பயன் உண்டா? என் பாடம் இயற்பியல். மனம் என் துறையன்று. ஆயினும் நான் செய்த ஒரு தவறு என்னை இந்தக் கேள்விக்குள் இழுத்துவிட்டது. கணக்கில் இருமுறை தவறிய மாணவன் ஒருவனிடம், “தினமும் காலையில் ‘நான் கெட்டிக்காரன்’ என்று பத்து முறை சொல்லப்பா” என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தான். முகம் முன்னைவிட வாடியிருந்தது. “சொல்லும்போதெல்லாம் உள்ளேயிருந்து ‘பொய்’னு ஒரு குரல் கேக்குதுங்க சார்” என்றான்.

இந்த வைத்தியம் பழையது. பிரான்ஸ் நாட்டு மருந்துக் கடைக்காரர் எமில் குவே (1857–1926), மருந்தைப் புகழ்ந்து கொடுத்தால் அது நன்றாக வேலை செய்வதைக் கவனித்தார். பின்னர், தாம் நாளுக்கு நாள் நலமடைவதாகக் காலையும் இரவும் 20 முறை சொல்லும்படி நோயாளிகளைப் பழக்கினார். எண்ணிக்கை தவறாதிருக்க 20 முடிச்சிட்ட கயிறு! நம் பாட்டிமாரின் ஜபமாலை நினைவுக்கு வருகிறதல்லவா? நம் நாட்டிலும் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலைப் படித்து ஊக்கம் பெற்றவர் பலர்.

ஆனால் சோதனை என்ன சொல்கிறது? 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் மாணவர்களை 4 நிமிடம் தம் எண்ணங்களை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் 15 நொடிக்கு ஒருமுறை மணி ஒலிக்கும். உடனே ‘நான் அன்பிற்குரியவன்’ என்று மனத்துள் சொல்ல வேண்டும். தன்மதிப்பு மிகுந்தவர்களுக்கு இது சிறிது நன்மை தந்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களோ, சொல்லாதவர்களைவிடச் சோர்ந்து போனார்கள்! மற்றவர்கள் பின்னர் செய்து பார்த்தபோது எப்போதும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆடிப் பதினெட்டில் தூரி ஆடியிருப்பீர்கள். தூரி நம்மைவிட்டு விலகும் வேளையில் தள்ளினால் வீச்சு பெருகும். நம்மை நோக்கி வரும்போது தள்ளினால் விசையும் வேகமும் எதிர்த்திசையில் அமைந்து, வீச்சு குறையும். தள்ளியவர் கையும் நோகும். மனம் நம்பாத வாக்கியம் இரண்டாம் வகைத் தள்ளல் போலும். (இது என் உவமைதான், நிரூபணமன்று.)

அமெரிக்க உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988இல் வேறொரு வழியைக் காட்டினார். தேர்வு நம்மை அச்சுறுத்தும்போது, தேர்வைப் பற்றியே தற்புகழ்ச்சி செய்ய வேண்டியதில்லை. நாம் உண்மையாகவே மதிக்கும் வேறொன்றை, குடும்பத்தையோ நட்பையோ கலையையோ, நினைத்துக்கொண்டால் போதும் என்றார். 2005இல் டேவிட் கிரெஸ்வெல் குழுவினர் இதை அளந்தே பார்த்தனர். பிறர் முன்னிலையில் பேசவும் மனக்கணக்குப் போடவும் சொல்லி ஆட்களைப் பதற வைத்தார்கள். முன்னதாகத் தம் விழுமியங்களைச் சிந்தித்தவர்களின் உமிழ்நீரில், பதற்றத்தின்போது கூடும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் குறைவாகவே இருந்தது. 2006இல் ஜெஃப்ரி கோஹன் குழுவினர் அமெரிக்க ஏழாம் வகுப்பு மாணவர்களை இதுபற்றிக் கால்மணி நேரம் எழுத வைத்தபோது, கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. எல்லாப் பள்ளிகளிலும் அப்படி நேரவில்லை. இது மந்திரமன்று.

சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், தாளும் பேனாவும் போதா. பெற்றோரிடம் சொல்லுங்கள், 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணையும் அழைக்கலாம்.

அந்த மாணவனிடம் என் பத்து முறை வைத்தியத்தை நிறுத்தச் சொன்னேன். தனக்கு முக்கியமான ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொன்னேன். லாரி ஓட்டும் தன் அப்பாவைப் பற்றி எழுதினான். இன்ஜின் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லத் தனக்குத் தெரியும் என்றும் ஒரு வரி இருந்தது. பிறகு இருவரும் மாலைதோறும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். துணைத் தேர்வில் தேறிவிட்டான். எழுதியதாலா, கணக்குப் போட்டதாலா? ஒரே ஒரு மாணவனை வைத்து அதைச் சொல்ல முடியாது.