மோட்டார் சுத்துது சரி, லோடு எடுக்குமா?

பழைய லேத் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வீட்டு ஷெட்டில் ஓட்டலாம்னு யோசிக்கிறீங்களா? முதலில் மோட்டாரின் நேம் பிளேட்டைப் படியுங்கள். நாங்கள் படிக்கவில்லை.

எங்களுடையது 1 ஹெச்பி, 415 வோல்ட், த்ரீ ஃபேஸ் மோட்டார். ஷெட்டில் இருந்ததோ 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றும் விஎஃப்டி ஒன்றை வாங்கி மாட்டினோம். ஸ்விட்ச் போட்டதும் அருமையா சுத்துச்சு, கைதட்டல் வேற! ஜாப்பை மாட்டி கட் கொடுத்ததும் உறுமல், வேகம் இறங்கி ட்ரிப். "லிமிட் கம்மியா இருக்கு"ன்னு கரன்ட் செட்டிங்கை ஏத்தினோம். அன்று மாலையே வார்னிஷ் கருகிய வாசனை. ட்ரிப் ஆனது விஎஃப்டியின் கோளாறு அல்ல, அது எங்களைக் காப்பாற்றத்தான் பார்த்தது.

நடந்தது இதுதான். சாதாரண விஎஃப்டி ஃபேஸை உருவாக்கும், வோல்டேஜை ஏற்றாது. 230 உள்ளே போனால் வெளியே ஃபேஸ்களுக்கு இடையே அதிகபட்சம் 230தான். ரோட்டரி கன்வெர்ட்டரும் அப்படியே. இன்டக்‌ஷன் மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230/415 என்பது 0.55, அதன் வர்க்கம் 0.31. மோட்டாரின் உச்ச டார்க், ரேட்டட் டார்க்கைப் போல 2.5 மடங்கு என்று வைத்தாலும் மிஞ்சுவது 0.77 மடங்குதான். சும்மா சுத்த அது தாராளம். முழு லோடு வந்தால் நின்றுவிடும், கரன்ட் எகிறும், வைண்டிங் வேகும். லோடு இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது டெஸ்ட்டே இல்லை!

பார்க்க வேண்டியது ஒரு வைண்டிங்குக்கு எத்தனை வோல்ட் என்பதை. 415 ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்கும் பார்ப்பது 415/√3, அதாவது 240. பிளேட்டில் "240/415, டெல்டா/ஸ்டார்" என்று இருந்து, டெர்மினல் பாக்ஸில் ஆறு முனைகளும் இருந்தால் அதிர்ஷ்டம். லிங்க்குகளை டெல்டாவுக்கு மாற்றினால் 230 வோல்ட்டிலேயே ஏறக்குறைய முழு டார்க் கிடைக்கும். லைன் கரன்ட் மட்டும் √3 மடங்காகும்: ஸ்டாரில் 1.8 ஆம்பியர் என்றால் டெல்டாவில் சுமார் 3.1. விஎஃப்டியில் மோட்டார் வோல்டேஜ், கரன்ட் இரண்டையும் டெல்டா மதிப்புக்கு மாற்றுங்கள். நாங்கள் செய்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவது வேறு, இது வேறு.

மூன்று முனைதான் வெளியே இருந்தால் ஸ்டார் பாயின்ட் உள்ளே புதைந்திருக்கும். ரீவைண்டிங் கடைக்காரர் பிரித்து ஆறாக எடுத்துத் தருவார். பிளேட்டிலேயே "415 டெல்டா" என்றால் இந்த வழி கிடையாது. வோல்டேஜை ஏற்ற ட்ரான்ஸ்ஃபார்மரும், அதற்கு ஏற்ற 415 வோல்ட் விஎஃப்டியும் வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் விஎஃப்டிக்கு முன்னால்தான், பின்னால் அல்ல.

தலைகீழாகவும் மாட்டிக்கலாம். 230 வோல்ட் மட்டுமே தாங்கும் அமெரிக்க மெஷினை நம்ம 415-ல் கொடுத்தால் கோர் சாச்சுரேட் ஆகி, மோட்டார் சீக்கிரமே போய்விடும்.

மெஷினுக்குள் இருக்கும் கன்டாக்டர் காயில், கன்ட்ரோல் ட்ரான்ஸ்ஃபார்மர் எதையும் விஎஃப்டி அவுட்புட்டில் தொங்கவிடாதீர்கள். அவற்றுக்கு நேரடி சப்ளை, சரியான வோல்டேஜில். மோட்டாருக்கும் விஎஃப்டிக்கும் நடுவே பழைய ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஓடும்போது அதைத் திறந்தால் விஎஃப்டி பழுதாகலாம்.

லிங்க் மாற்றப் பாக்ஸைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். மெயின் போன பிறகும் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும்.