தளத்தை மறுபடி கட்டப் போகிற உனக்கு

கண்ணு, உன் இணையதளத்தைப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொல்லி, எந்தக் கருவி நல்லது என்று கேட்டிருந்தாய்.

1. கருவி இருக்கட்டும். முதலில் உன் பழைய பக்கங்களை உட்கார்ந்து படி. சில கூச்சமாக இருக்கும், அதற்காக அழித்துவிடாதே. உனக்குக் கூச்சம் தருவதை யாரோ தேடி வந்து படித்துக்கொண்டிருப்பார்.

2. எழுத்து உன் கையில் இருக்கட்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்களில் ஆளுக்கொரு எழுத்துரு. நண்பர் ஒருவர் தன் அம்மா சொன்ன கதைகளை அப்படியொரு எழுத்துருவில் ஏற்றியிருந்தார். பிறகு வேறு கணினியில் திறந்தால் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. எல்லாம் ஐரோப்பிய எழுத்தும் குறிகளும். அது எந்தப் பழைய குறியாக்கம், திஸ்கியா, டாமா, டாபா என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பல மாலைகள் ஆயின. கதைகள் திரும்பி வந்தபோது அவர் சத்தமாக வாசித்துக் காட்டினார். யூனிகோடில், வெறும் உரைக் கோப்புகளாக எழுதி வை. 2004இல் வந்த மார்க்டவுன் முறை போதும். நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம்.

3. அத்தகைய கோப்புகளைப் பக்கங்களாக்கித் தர 2008இல் வந்த ஜெக்கில் இருக்கிறது, 2013இல் வந்த ஹியூகோ இருக்கிறது. உலாவியிலேயே எழுதப் பிடிக்குமென்றால் வேர்ட்பிரஸ். ஆனால் தரவுத்தளத்தையும் செருகுநிரல்களையும் விடாமல் பராமரிக்கும் பொறுமை வேண்டும். எதை எடுத்தாலும் நுழைகிற வாசலுக்கு முன் வெளியேறுகிற வாசலைப் பார். நாலு கட்டுரை போட்டு, அவற்றை முழுசாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதி.

4. முகவரியை மாற்றாதே. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதை வலியுறுத்தி எழுதினார். உலகின் முதல் இணையதளத்தைச் சேர்ன் ஆய்வுக்கூடம் 2013இல் மீட்டபோது, பழைய முகவரியிலேயே வைத்தது. கருவி மாறினால் முகவரியின் வாலும் மாறக்கூடும். அப்படி மாறினால் ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு 301 என்னும் நிரந்தரத் திருப்புதல் போடு. சலிப்பான வேலைதான், செய். உன்னை நம்பி இணைப்புக் கொடுத்தவருக்கு நீ காட்டும் மரியாதை அது.

5. டொமைன் உன் பெயரில் இருக்கட்டும். இலவசமாகப் பக்கங்கள் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது, பக்கங்களைக் காப்பாற்றியவர்களாலும் பழைய முகவரியைக் காப்பாற்ற முடியவில்லை.

6. பஸ்ஸில் போகும்போது, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், உன் பக்கத்தைப் போனில் திற. எழுத்துருக் கோப்பு கனமானால் வாசகர் காத்திருக்க மாட்டார். வரி இடைவெளியையும் கூட்டு. மேலே வளையும் இகரத்துக்கும் கீழே இறங்கும் உகரத்துக்கும் இடம் வேண்டும்.

7. எல்லாம் முடியட்டும் என்று காத்திராதே. முகப்பும் ஒரு கட்டுரையும் சரியானதும் ஏற்றிவிடு. மிச்சத்தை வாரம் ஒன்றாகக் கொண்டுவா. முகவரியை எனக்கு அனுப்பு, படிக்கிறேன்.