ஆலய வேலைக்குக் குறைவில்லை, ஜெபம் வறண்டுவிட்டது

கேள்வி: எனக்கு வயது 44. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வாலிபர் முகாமில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். அப்போதெல்லாம் விடியுமுன் எழுந்து வேதத்தைத் திறந்தால் நேரம் போவதே தெரியாது. இன்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பெண்கள் ஐக்கிய சங்கப் பொருளாளர், பாடகர் குழுவிலும் இருக்கிறேன். ஆனால் தனியாக முழங்கால் போட்டால் ஐந்து நிமிடம் தாங்குவதில்லை. கன்வென்ஷனுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் உற்சாகம், பிறகு பழையபடிதான். பிள்ளைகளுக்கு ஆண்டவருடைய அன்பைச் சொல்லிக்கொடுக்கும்போது நடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. நான் பின்வாங்கிப்போனவளா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு எபேசு சபைதான் நினைவுக்கு வந்தது. வெளிப்படுத்தின விசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளுமுன் நிறையவே பாராட்டுகிறார். உழைத்தார்கள், பாடுகளைச் சகித்தார்கள், கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். சோம்பேறிச் சபை அல்ல, வேலை மும்முரமாக நடந்த சபை. அங்கேதான் ஆதி அன்பு விட்டுப்போயிருந்தது.

அந்த அன்பு எப்படி இருந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19, 20 அதிகாரங்களில் பார்க்கலாம். பவுல் அங்கே மூன்று வருஷம் ஊழியம் செய்தார். மாயவித்தை செய்து பிழைத்தவர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலும் எரித்தார்கள்; அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. மிலேத்துவில் பவுலை வழியனுப்ப வந்த எபேசு மூப்பர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வெளிப்படுத்தின விசேஷம் எழுதப்பட்டது கி.பி. 95 வாக்கில் என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. இடையில் சுமார் 40 வருஷம். உழைப்பு அப்படியே இருக்க, அன்பு மட்டும் வற்றிவிட்டது.

அவர்களுக்குச் சொன்ன பரிகாரத்தைக் கவனியுங்கள். பழைய பரவசத்தை வரவழைத்துக்கொள்ளும்படி ஆண்டவர் கேட்கவில்லை. எங்கிருந்து விழுந்தோம் என்று நினைக்கவும், மனந்திரும்பவும், முன்பு செய்ததை மறுபடி செய்யவும் சொன்னார். பரவசம் நம் கையில் இல்லை. செய்கை நம் கையில் இருக்கிறது. கன்வென்ஷனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அங்கே தேடிப்போவது அந்தப் பரவசத்தை. அதனால்தான் இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது.

பதினேழு வயதில் நீங்கள் பாடம் நடத்துவதற்காக வேதம் வாசித்திருக்க மாட்டீர்கள். இப்போது பெரும்பாலும் ஞாயிறு வகுப்புக்குக் குறிப்புத் தேடித்தான் திறப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். போதகர்களுக்கு வரும் வியாதியும் இதுவே. ஆகவே ஒரு மாதத்துக்கு, வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு பகுதியை எடுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், தினம் அரை அதிகாரம் போதும். பேனா வேண்டாம். வாய்விட்டு வாசியுங்கள். ஐந்து நிமிடம்தான் ஜெபிக்க முடிகிறதென்றால் ஐந்தே நிமிடம் ஜெபியுங்கள், நாளைக்கும் வாருங்கள். வறண்டுபோயிருக்கிறேன் என்று அவரிடமே சொன்னால் அதுவும் ஜெபம்தான். 88-ம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சம் காணாமல் இருளிலேயே முடிகிறது. அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறதே.

மனந்திரும்புதல் என்றதும் பெரிய பாவம் எதையோ தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். யாரோடாவது வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லையென்றால் அங்கே தொடங்குங்கள். சங்கத்துக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒருவராவது இருப்பார்!

உடம்பையும் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்த எலியாவிடம் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டுத் தூங்கினவரை மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). ஓரேபுக்கு நடந்ததெல்லாம் அதற்குப் பிறகு. உங்களுக்கும் தூக்கம் கெட்டு, வீட்டு வேலை உட்பட எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஜெபக்குறைவு என்று முத்திரை குத்துவது நம் சபைகளில் ஒரு கெட்ட பழக்கம்.

நடிக்கிறேனோ என்றீர்கள். அன்னை தெரசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள், அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து 2007-ல் நூலாக வந்தன. தேவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல் பல பத்தாண்டுகள் அவர் ஜெபித்ததும் ஊழியம் செய்ததும் அப்போது உலகத்துக்குப் பரவலாகத் தெரியவந்தது. அதை நான் நடிப்பு என்று சொல்லமாட்டேன். உங்களையும் பின்வாங்கிப்போனவர் என்று சொல்லமாட்டேன்.

ஒரு பொறுப்பையாவது இறக்கிவையுங்கள். பிள்ளைகளை விடாதீர்கள், அவர்கள் கேட்கும் கேள்விகள் உங்களுக்கு நல்லது. பாட்டையும் விட வேண்டாம். பொருளாளர் பதவிக்கு வேறு ஆள் பார்க்கும்படி சங்கத் தலைவியிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.