செபம் என்னும் நிழல்

போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலமலைச் சரிவுகளில் ஏலச்செடி மரநிழலில்தான் செழிக்கிறது. நிழல்மரங்களை வெட்டிவிட்டால் வெயிலில் வாடிவிடும். இறைப்பணிக்கும் ஒரு நிழல் வேண்டும், அதுவே செபம்.

கல்கத்தாவில் 1950-இல் பிறரன்புப் பணியாளர் சபையை நிறுவிய புனித அன்னை தெரேசாவுக்கு ஓயாத வேலை. ஆயினும், வாரம் ஒருமுறை செய்துவந்த ஒரு மணி நேர நற்கருணை ஆராதனையை 1973-இல் அச்சபை நாள்தோறும் செய்யத் தீர்மானித்தது. நோயாளிகள் காத்திருக்க, அந்த நேரம் வீணா? இல்லை. ஏழையிடம் இயேசுவைக் காண விரும்புவோர் முதலில் அவர் திருமுன் அமரவேண்டும். மார்த்தாளின் உபசரிப்பை ஆண்டவர் வெறுக்கவில்லை, பதற்றத்தையே கண்டித்தார்.

அன்பு மாணவியரே! பீடத்தை அலங்கரிக்குமுன், சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பிக்குமுன், நற்கருணைப் பேழைமுன் சற்றே முழந்தாளிடுவோம். பிறகு பணிக்குப் புறப்படுவோம்.